சத்தம் அடங்கும் திசை

இந்த வீட்டில் காற்றுக்குக் குறைவில்லை, சார். மலைக்கோட்டைப் பாறையில் மோதித் திரும்புகிற காற்று முதலில் எங்கள் மாடிக்குத்தான் வரும். அந்த நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டு உட்காருங்கள். இவ்வளவு படி ஏறி வந்திருக்கிறீர்கள். என் மனைவி ரோசம்மாள் உள்ளே காப்பி போடுகிறாள். ரேடியோ லைசென்ஸ் பரிசோதகர் என்று நீங்கள் சொன்னதும் ஒரு வார்த்தை பேசாமல் அவள் சமையலறைக்குப் போனதைத் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை. முன்பு பேசுவாள்.

ஆமாம், மாதா சுரூபத்துக்குக் கீழே அந்த அலமாரியில் இருப்பது என் ரேடியோதான். நானே கட்டியது. லைசென்ஸ் கிடையாது. ஏன் எடுக்கவில்லை என்று கேட்டீர்கள். அதைச் சொல்ல வேண்டுமென்றால் கீழ்க்கடை குத்புதீன் பாயைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கும். பாய் விஷயம் உங்கள் இலாகாவைச் சேர்ந்ததில்லை. ஆனாலும் இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. எதையும் அரைகுறையாகச் சொல்வது என் வழக்கமில்லை.

நான் கல்லூரியில் பௌதிகப் பரிசோதனைச் சாலையில் டெமான்ஸ்ட்ரேட்டர். தெருவில் புரொபசர் பாக்கியநாதன் என்பார்கள். நான் திருத்தியதில்லை. மரியாதையாகக் கூப்பிடுகிற ஒருவரைத் திருத்துவது மரியாதையாக இருக்காது. உலக யுத்தத்தில் நான் வயர்லெஸ் படையில் இருந்ததும், வங்காள விரிகுடாவில் ஒரு ஜப்பான் நீர்மூழ்கியைக் காதாலேயே கண்டுபிடித்ததும் இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். படையில் இருந்தது உண்மை. ஸ்டோரில் இருந்தேன். நீர்மூழ்கியைக் கண்டுபிடித்தவர் வேறொருவர். அவருக்கு பாட்டரி எடுத்துக் கொடுத்தது நான். கதை பல வாய் மாறி வந்ததில் நடுவில் இருந்த ஆள் உதிர்ந்துவிட்டார். அதற்கு நான் என்ன செய்ய முடியும்.

பாகிஸ்தான் சண்டை வந்த அந்த செப்டம்பர் உங்களுக்கு நினைவிருக்கும். சண்டை எங்கோ பஞ்சாபில் நடந்தது. சந்தேகம் மட்டும் திருச்சி வரை தாராளமாக வந்து சேர்ந்தது. காவிரிப் பாலத்தில் நின்று தண்ணீரைப் பார்த்தவனை எதற்குப் பார்த்தாய் என்று கேட்டார்கள். அம்மா மண்டபப் படித்துறையில் ஒரு சாமியாரின் தாடியை ஒற்றன் தாடி என்று பிடித்து இழுத்தார்கள். தாடி உண்மையானது. அவர் போட்ட சத்தமும் உண்மையானது. எங்கள் தெருவில் ‘மலைவாசல் தேசப் பாதுகாப்புக் குழு’ என்று ஒன்று தொடங்கினார்கள். தலைவர் அரிசி மில் அழகர்சாமி. தேசத்துக்காக அவர் வேட்டியை விட்டுக் காக்கி அரைக்கால் சட்டைக்கு மாறினார். அதைப் பார்க்கிற கஷ்டத்தை நாங்கள் தேசத்துக்காகப் பொறுத்துக்கொண்டோம். காரியதரிசி தங்கையன், இன்சூரன்ஸ் ஏஜெண்ட். இதே வீட்டில் எனக்குக் கீழே, நடு மாடியில் குடியிருக்கிறான். அவனுக்கும் கீழே, தெருவோடு, குத்புதீன் பாயின் ரேடியோ ரிப்பேர் கடை. வயர்லெஸ் ஆலோசகர் பதவி என்னைத் தேடி வந்தது. தினம் சாயங்காலம் விளக்கு வைத்ததும் மில்லில் கூடுவோம்.

குழு தொடங்கிய அதே வாரத்தில்தான் அந்தச் சத்தமும் தொடங்கியது. திருச்சி நிலையத்தில் செய்தி வாசிக்கும் நேரம் பார்த்து, ஊர் ரேடியோவெல்லாம் ஊளையிடும். நீளமாக ஒன்று, பிறகு விட்டு விட்டுச் சின்னதாகச் சில. ஓடத்துறையில் கேட்டார்கள், காவிரி தாண்டி ஸ்ரீரங்கத்தில் கேட்டார்கள். நாம் குழு தொடங்கியது தெரிந்தே எதிரி துணிந்து செய்கிறான் என்றார் அழகர்சாமி.

“புரொபசர், இது தந்தியில அடிக்கிற அந்த மோர்ஸ்தானே?”

“அந்த மாதிரித்தான் இருக்கிறது” என்றேன்.

“என்ன சொல்லுதுங்க?”

“அதை இங்கே சொல்வதற்கில்லை.”

சொல்லக் கூடாத அளவுக்குப் பெரிய விஷயம் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு மோர்ஸ் தெரியாது.

ஆனால் திசை கண்டுபிடிக்கத் தெரியும். அதைப் புத்தகத்தில் படித்திருந்தேன். ஒரு சதுர மரச்சட்டம்; அதில் கம்பியைச் சுற்றி ஒரு பாட்டரி ரேடியோ செட்டோடு சேர்த்துவிட்டால் போதும். காதில் ஹெட்போன் குழலை மாட்டிக்கொண்டு சட்டத்தை மெல்லத் திருப்ப வேண்டும். சத்தம் எங்கே அதிகமாகக் கேட்கிறதோ அங்கே ஆள் இருக்கிறான் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அப்படியில்லை. அதிகச் சத்தம் பரவலாகக் கேட்கும், ஆளை ஏமாற்றும். சத்தம் அடங்கிச் சாகிற இடம் மட்டும் கத்தி முனை போலத் துல்லியம். சட்டத்தின் முகம் எந்தப் பக்கம் திரும்பும்போது சத்தம் அடங்குகிறதோ, அந்தப் பக்கம்தான் ஆள். இதை நான் விளக்கியபோது தங்கையன், “அப்ப பேசாம இருக்கிறவன்தான் திருடன்னு சொல்லுங்க” என்றான். அவன் பேச்சு எப்போதும் அப்படித்தான்.

முதல் கோட்டை ஸ்ரீரங்கத்தில் எடுத்தோம். தெற்கு வாசல் மொட்டைக் கோபுரத்தின் மேல் சட்டத்தை ஏற்றினோம். அழகர்சாமி மூச்சு வாங்கிக்கொண்டே வந்தார். சத்தம் வந்தது, திருப்பினேன், அடங்கியது. கோடு ஆற்றைத் தாண்டி நேராக மலைக்கோட்டையைக் காட்டியது. ஆனால் கோடு என்றால் அதற்கு இரண்டு முனை உண்டு. இந்தச் சட்டத்துக்கு முன்பக்கம் பின்பக்கம் தெரியாது.

“பின்னாடி போற கோட்டுல யாரு இருக்கா?” என்றார் அழகர்சாமி.

கூட வந்திருந்த கோயில் ஊழியர் கன்னத்தில் போட்டுக்கொண்டு சொன்னார்: “அந்தத் திக்குல நம்பெருமாள் எழுந்தருளியிருக்கார், ஸ்வாமி.”

“அப்ப அவரை விட்டுடுங்க” என்றார் அழகர்சாமி.

விட்டுவிட்டோம். அன்றைக்கு நான் ஒன்று கற்றுக்கொண்டேன், சார். கோடு போடுவது கருவியின் வேலை. எந்த முனையை எடுத்துக்கொள்வது என்பது மனிதர்களின் வேலை.

இரண்டாவது கோட்டை உறையூர்ப் பக்கம் போய் எடுத்தோம். மில்லில் மேஜை மேல் நகர வரைபடத்தை விரித்து இரண்டையும் வரைந்தேன். இரண்டும் சந்தித்த இடத்தை எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். எங்கள் தெரு. எங்கள் வீடு.

“கீழ்க்கடை பாய்” என்றான் தங்கையன், பெருமூச்சு விடுகிற மாதிரி. அவனுக்கு அது எவ்வளவு நிம்மதி என்று முகத்தில் தெரிந்தது. அவன் குடியிருக்கும் வீடல்லவா.

“நான் அப்பவே நெனைச்சேன்” என்றார் அழகர்சாமி. எப்போது என்று யாரும் கேட்கவில்லை.

இங்கே ஒன்றை நீங்கள் கவனிக்க வேண்டும். தடுத்தது நான். “அவசரப்படாதீர்கள். வரைபடத்தில் நீளம் உண்டு, அகலம் உண்டு, உயரம் கிடையாது. தெரு தெரிகிறது, வீடு தெரிகிறது, மாடி தெரியவில்லை. மூன்றாவது அளவை எடுக்காமல் ஒருவர் மேல் பழி போடுவது விஞ்ஞானம் ஆகாது” என்றேன். இந்த வார்த்தைகளைச் சொன்னது நான்தான். சாட்சி இருக்கிறது.

மூன்றாவது அளவுக்கு மலை மேல் போக வேண்டும். இதோ இந்த ஜன்னலில் எட்டிப் பாருங்கள், உச்சிப் பிள்ளையார் படிக்கட்டுக்கு ஓரமாகப் பாறை ஒரு இடத்தில் துருத்திக்கொண்டு நிற்கிறது. அங்கே நின்றால் இந்த வீடு கைக்கெட்டுகிற தூரத்தில் கீழே தெரியும். சட்டத்தை அங்கிருந்து கீழ்நோக்கிச் சாய்த்தால் எந்தச் சாய்வில் சத்தம் சாகிறதோ அந்த மாடி. மறுநாள் சாயங்காலம் நானும் தங்கையனும் போனோம். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறினேன். கழுத்தில் சிலுவையோடு சட்டத்தைத் தூக்கிக்கொண்டு போனவனை யாரும் தடுக்கவில்லை. தேசம் என்றால் அப்போது எல்லாக் கதவும் திறக்கும். தங்கையன் பாட்டரியைச் சுமந்தான்.

காதில் குழலை மாட்டினேன். இவ்வளவு பக்கத்தில் அந்தச் சத்தத்தை நான் அதுவரை கேட்டதில்லை. நீளமாக ஏறிற்று, தாண்டிப் போயிற்று, திரும்பி வந்தது. கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே, கொஞ்சம் முன்னே. குழம்புக்கு உப்புப் போட்டு, நாக்கில் விட்டுப் பார்த்து, இன்னும் ஒரு சிட்டிகை போடுகிற கை. ஊளைக்கு அடியில், மிக மெல்லியதாக, இலங்கை வானொலியின் பாட்டு.

சட்டத்தைச் சாய்ப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

நீங்கள் இலாகாக்காரர், உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. என்னுடைய செட் பழைய மாதிரி. தூரத்து நிலையத்தைப் பெரிதாகக் கேட்க ரியாக்‌ஷன் திருகைக் கூட்ட வேண்டும். அளவுக்கு மேல் கூட்டினால் வாங்குகிற செட் கொடுக்கிற செட்டாகிவிடும். தானே ஒலிபரப்பத் தொடங்கி அக்கம்பக்கத்து ரேடியோவையெல்லாம் ஊளையிட வைக்கும். மொட்டைமாடியில் நான் கட்டியிருந்த ஏரியலும் நல்ல ஏரியல், காவிரி தாண்டும் என்று எனக்கே தெரியாது. நான் வீட்டில் இருந்தால் ரோசம்மாள் அந்த செட்டைத் தொட மாட்டாள். நான் சினிமாப் பாட்டை விரும்புகிறவன் இல்லை. நான் குழுவுக்குப் போன சாயங்காலங்களில் அவளுக்கு ஓய்வு கிடைத்திருக்கிறது. நான் ஒற்றனைத் தேடி வெளியே போனால்தான் ஒற்றன் வேலையைத் தொடங்குவான் என்றபடி இருந்தது.

மனத்திருப்திக்காகச் சட்டத்தைச் சாய்த்தேன். மேல் மாடியை நோக்கிச் சாய்த்தபோது சத்தம் செத்தது. இந்த அறை. கொடியில் அவள் புடவை காய்ந்துகொண்டிருந்ததுகூடத் தெரிந்தது.

“என்னங்க சார், எந்த மாடி?” என்றான் தங்கையன். அவன் குரலில் பயம் இருந்தது. நடு மாடி என்று நான் சொல்லிவிட்டால் என்ன ஆவது என்ற பயம்.

யோசித்துப் பாருங்கள். நீர்மூழ்கியைக் காதால் கண்டுபிடித்த புரொபசர், வரைபடம் விரித்து, கோபுரம் ஏறி, மலை ஏறி, கடைசியில் கண்டுபிடித்தது லைசென்ஸ் இல்லாத தன் செட்டில் பாட்டுக் கேட்கிற தன் பெண்டாட்டியை. வெளியே தெரிந்திருந்தால் இந்தத் தெரு சிரிக்கிற சிரிப்பு இன்றைக்கும் அடங்கியிருக்காது. சிரிப்பு என்னோடு நிற்காது. விஞ்ஞானத்தின் மேல் ஜனங்களுக்கு இருக்கும் மதிப்பும் போய்விடும். சண்டை நேரம் வேறு.

சட்டத்தை இன்னும் கொஞ்சம் கீழே சாய்த்தேன். “கீழே” என்றேன்.

தங்கையன் பிள்ளையார் இருக்கும் பக்கம் திரும்பிக் கும்பிட்டான்.

பாய் கெட்டவர் இல்லை. அதை நான் எங்கும் சொல்லத் தயார். ஆனால் அவர் கடையைப் பாருங்கள்: சுவர் முழுக்கக் கம்பிச் சுருள், வால்வு, பிரித்துப் போட்ட செட்டுகள். ஒற்றன் கடை எப்படி இருக்கும் என்று ஒரு போலீஸ்காரர் மனத்தில் கற்பனை செய்வாரோ அப்படியே இருந்தது. மறுநாள் போலீஸ்காரர்கள் வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். தெருவே கூடி நின்றது. யாரோ கடைக்குள் புகுந்து ஜனங்கள் ரிப்பேருக்குக் கொடுத்திருந்த செட்டுகளையெல்லாம் போட்டு உடைத்தார்கள். அவற்றில் அழகர்சாமியின் செட்டும் ஒன்று. அது தெரிந்தபோது அவருக்கு வருத்தம்தான்.

ஜீப்பில் ஏறும் முன் பாய் என்னைப் பார்த்தார். “புரொபசர் சார், நீங்க படிச்சவங்க. இவங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க சார்.”

“உண்மை வெளியே வரும், பாய்” என்றேன். அவருக்கு அது ஆறுதலாக இருந்திருக்கும். தலையை ஆட்டிவிட்டு ஏறிக்கொண்டார்.

எனக்கு ஒரு கவலை மட்டும் இருந்தது. என் செட்டுக்கு உயிர் கொடுக்கிற வால்வு அவர் கடையில் வாங்கியதுதான். மேலே ஒரு செட் இருக்கிறது என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஏனோ சொல்லவில்லை. அன்றைக்கே செட்டை மேஜையிலிருந்து எடுத்து மாதாவுக்குக் கீழே அலமாரியில் வைத்தேன். மாதாவின் காலடியில் யாரும் கை வைத்துத் தேடமாட்டார்கள்.

ரோசம்மாள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கேட்டாள்: “ஏங்க, நான் பாட்டு கேக்குறப்பதானே ஊர்ல அந்தச் சத்தம் வந்துச்சு?”

“உனக்கு இதெல்லாம் புரியாது.”

“புரியலைங்க. அதான் கேக்குறேன். பாய் சம்சாரம் புள்ளைங்கள வச்சுக்கிட்டு அழுதுகிட்டு இருக்கு. நான்தான்னு போய்ச் சொல்லிடட்டா?”

“ஒற்றன் பெண்டாட்டிக்குப் பரிந்து பேசினால் உன்னையும் கூட்டிக்கொண்டு போவார்கள்” என்றேன். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. அவள் நன்மைக்காகச் சொன்னேன்.

அதற்கு மேல் அவள் பேசவில்லை. ஆனால் அவளோடு இத்தனை காலம் வாழ்ந்தவன் நான். அவள் பேசாமல் இருந்தால்தான் நான் கவனிப்பேன். என்ன நினைக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. பாய் உள்ளே இருக்கும்போது அதே ஊளை மறுபடி ஊரெல்லாம் கேட்டால் என்ன ஆகும்? பாய் இல்லை என்று ஆகும். யாரும் யாரிடமும் போய்ச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு திருகைத் திருகினால் போதும். கெட்டிக்காரி. நான் சந்தேகப்பட்டது வீண் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மில்லில் எனக்குப் பாராட்டு விழா. அழகர்சாமி வீட்டுப் புது ரேடியோவை மாலை போட்டு மேடையில் வைத்திருந்தார்கள். பேச்சு முடிந்ததும் செய்தியைப் போட்டு, ஊளை நின்றுவிட்டதை ஊருக்கே நிரூபிப்பதாக ஏற்பாடு. போலீஸ் அதிகாரி ஒருவரும் முன்வரிசையில் இருந்தார். நான் கிளம்பும்போது ரோசம்மாள், “எத்தனை மணிக்குங்க செய்தி போடுவாங்க?” என்று கேட்டாள். சொன்னேன். தலைவலி, விழாவுக்கு வரவில்லை என்றாள். சரி என்றேன். அவள் பின்கட்டுக்குப் போன சமயத்தில் அலமாரியைத் திறந்து, செட்டிலிருந்து வால்வைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

விழா நன்றாக நடந்தது. என்னைப் பற்றி அழகர்சாமி பேசியதில் நீர்மூழ்கி இரண்டாகிவிட்டிருந்தது. சால்வை போர்த்தினார்கள். பிறகு ரேடியோவைத் திருகினார்கள். அந்த நேரத்தில் இந்த அறையில் ரோசம்மாள் திருகைக் கூட்டிக்கொண்டிருப்பாள்; இன்னும் ஒரு சிட்டிகை, இன்னும் ஒரு சிட்டிகை. என் சட்டைப் பையில் வால்வு இருந்தது, அதன் மேல் சால்வை இருந்தது. செய்தி வாசிப்பவரின் குரல் தேங்காய்த் தண்ணீர் மாதிரித் தெளிவாக வந்தது. கைதட்டினார்கள். போலீஸ் அதிகாரி என்னைப் பார்த்துத் தலையசைத்தார். பாயின் விஷயம் அந்தத் தலையசைப்போடு முடிந்தது.

நான் வீட்டுக்கு வந்தபோது அவள் செட்டுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். கை இன்னும் திருகின் மேல் இருந்தது.

“இது பேச மாட்டேங்குதுங்க” என்றாள்.

“பழைய செட்தானே.”

“கீழ பாய் இருந்தா சரி பண்ணிக் குடுத்திருப்பாரு.”

அவள் என்னோடு பேசிய கடைசி நீளமான பேச்சு அதுதான். அதற்குப் பிறகு சோறு வைக்கிறாள், வேட்டி துவைத்துப் போடுகிறாள், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு என்னோடு வருகிறாள். எந்தக் குறையும் சொல்ல முடியாது.

பாயைச் சண்டை முடிந்து வெகு நாள் கழித்துத்தான் விட்டார்கள். வழக்கு ஏதும் போடவில்லை. போட எதுவும் இல்லை. வந்தபோது அவருக்கு இரண்டு காதும் கேட்கவில்லை. விசாரித்தவர்கள் காதோடு சேர்த்து அறைந்திருக்கிறார்கள் என்றார்கள். யார், எந்த இடத்தில் என்று நான் கேட்கவில்லை, தேவையில்லாத விஷயம். ரேடியோ ரிப்பேர் பார்க்கிறவருக்குக் காது இல்லையென்றால் என்ன மிஞ்சும்? இப்போது அதே கடையில் குடை கட்டுகிறார். நீங்கள் வரும்போது பார்த்திருப்பீர்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் அவருக்குச் சத்தம் செத்துத்தான் கிடக்கிறது.

வந்த புதிதில் ஒருநாள் படியேறி வந்து இந்த வாசலில் நின்றார். “சார் சொல்லுவீங்கன்னு இருந்தேன். அதான் நான் மேல்மாடி செட்டைப் பத்தி வாயைத் திறக்கலை. அம்மாவை இழுக்க வேணாம்னு” என்றார். காது கேட்காதவர்கள் பேசுகிற மாதிரி, சத்தமாக. நான் எவ்வளவோ விளக்கிச் சொன்னேன். என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு இறங்கிப் போனார். சொன்னது எதுவும் அவருக்குக் கேட்டிருக்காது. ஆனால் நான் சொன்னேன், சார். அது முக்கியம்.

வால்வைத் திரும்ப செட்டில் மாட்டிவிட்டேன். அவளுக்குப் பாட்டுப் பிடிக்கும் என்றுதான். மனைவியின் சந்தோஷத்தைக் கெடுக்கிறவன் இல்லை நான். அவள் இதுவரை தொடவில்லை. மாதா சுரூபத்தைத் தினம் துடைக்கிறாள். கீழே அலமாரிக் கதவை மட்டும் துடைக்காமல் விடுவாள்.

உங்களுக்குத் தகவல் கொடுத்தது யார் என்று நீங்கள் சொல்ல வேண்டாம். உங்கள் தொழில் தர்மம் எனக்குத் தெரியும். ஆனால் நானும் கோடு போடத் தெரிந்தவன். நீங்கள் தெருவில் யாரையும் விசாரிக்கவில்லை. கீழ்க்கடையில் நிற்கவில்லை, நடு மாடியில் நிற்கவில்லை, நேரே மேலே வந்தீர்கள். வந்ததும் மேஜையைப் பார்க்கவில்லை, பரணைப் பார்க்கவில்லை. மாதாவுக்குக் கீழே இருக்கிற அலமாரியைத் திறக்கச் சொன்னீர்கள். தெரு, வீடு, மாடி என்று மூன்று அளவும் பிசகாமல் கொடுத்திருக்கிறார்கள். இந்த அலமாரிக்குள் செட் இருப்பது வெளியே யாருக்கும் தெரியாது. ஆகவே தங்கையன்தான். கீழே இருந்துகொண்டு மேலே நடப்பதைக் கேட்டுக்கொண்டே இருப்பான். அவனைப் பற்றி எனக்குச் சில விஷயங்கள் தெரியும். சமயம் வரும்போது உரிய இடத்தில் சொல்வேன்.

காப்பிக்கு நேரமாகிறது. இவ்வளவு நேரம் டவராவில் ஆற்றுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, இப்போது நின்றுவிட்டது. நீங்களும் அந்தப் பக்கம் பார்க்கிறீர்கள். பார்க்க வேண்டாம், சார். அங்கே ஒன்றுமில்லை. ஜெபம் சொல்லிக்கொண்டிருப்பாள்.

லைசென்ஸ் இல்லாமல் ரேடியோ வைத்திருந்தது உண்மை. அதை ஒப்புக்கொள்கிறேன், கையெழுத்தும் போடுகிறேன். எழுதிக்கொள்ளுங்கள். அந்த ஒரு குற்றத்தைத் தவிர நான் வாழ்க்கையில் சட்டத்தை மீறியதில்லை.